அழவைத்தால் போதுமா?

சோகமான அனிமே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், எல்லாரும் கையில் எடுப்பது ஒரே அளவுகோலைத்தான். "கர்சீஃப் எடுத்து வச்சுக்கோ." "கடைசி எபிசோடுல தேம்பித் தேம்பி அழுதேன்." "இதப் பாத்தும் அழலன்னா நீ மனுஷனே இல்ல." எவ்வளவு அழுதோமோ அவ்வளவு சோகம்; எவ்வளவு சோகமோ அவ்வளவு ஆழம். அனிமே ரசிகர்களிடையே இந்த இரண்டும் யாரும் கேள்வி கேட்காத உண்மைகளாகிவிட்டன. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. அதிலும் முதலாவது வெறும் தவறல்ல, தலைகீழ். நம்மை மிக அதிகமாக அழவைக்கும் தொடர்கள் பெரும்பாலும் நம்மைத் தேற்றுபவை. தேறுதல் கிடைக்கும் என்று தெரிந்த இடத்தில்தான் கண் தாராளமாகிறது. (முடிவுகளைச் சொல்லாமல் இதை வாதிட வழியில்லை. ஸ்பாய்லருக்கு அஞ்சுபவர்கள் பார்த்துவிட்டு வரலாம். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.)

அழவைக்கும் இந்த மரபின் வேர் பழையது. 1975இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 52 எபிசோடுகளாக வந்தது 'ஃபிளாண்டர்ஸின் நாய்'. பால்வண்டி இழுக்கும் நாய் பட்ராஷ், ஓவியனாகத் துடிக்கும் ஏழைச் சிறுவன் நெல்லோ. தீவைத்த பழி அவன்மேல் விழுகிறது. பிழைப்பு போகிறது, வீடு போகிறது. கடைசியில் ஆண்ட்வெர்ப் தேவாலயத்தில், பார்க்க ஏங்கிய ரூபன்ஸின் ஓவியத்துக்கு முன்னால், நாயும் பையனும் குளிரில் விறைத்துச் சாகிறார்கள். இதைப் பார்த்து ஒரு தலைமுறையே அழுதது. ஆனால் தொடர் சாவோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வானத்திலிருந்து தேவதூதர்கள் இறங்கி இருவரையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பழி போட்டவர் அதற்குள் மனம் திருந்தித் தேடி அலைந்துகொண்டிருக்கிறார். பையனைக் கொன்ற ஊருக்கு மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது, பார்த்தவர்களுக்கு நல்ல அழுகையும் கிடைத்துவிடுகிறது. யாரும் எதையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை.

1990களின் இறுதியில் ஜப்பானின் கணினிக் கதை விளையாட்டுகளில் 'அழவைக்கும் விளையாட்டு' என்றே ஒரு தனி வகை உருவானது. முதலில் சிரிக்க வை, பிறகு நேசிக்க வை, பிறகு பிரித்து வை: இதுதான் அதன் செய்முறை. 'கீ' நிறுவனம் 'கானன்', 'ஏர்', 'கிளானட்' என்று அதில் கைதேர்ந்தது. கியோட்டோ அனிமேஷன் மூன்றையும் தொலைக்காட்சித் தொடர்களாக்கியது. அவற்றுள் 'கிளானட்: ஆஃப்டர் ஸ்டோரி' (2008–09) அழுகைப் பட்டியல்களின் நிரந்தர ராஜா. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எளிய எதிரியை அடித்துப் பெருமைப்பட எனக்கு விருப்பமில்லை.

அந்தத் தொடரின் 18ஆம் எபிசோடில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. நாயகன் தோமோயாவின் மனைவி நகிசா அதற்கு முன்பே பிரசவத்தோடு இறந்துவிட்டாள். தோமோயா குழந்தை உஷியோவை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, ஐந்து வருடம் வேலையிலும் குடியிலும் தன்னைத் தொலைக்கிறான். மாமியார் சனாயே ஒரு சின்ன சூது செய்து அப்பனையும் மகளையும் பயணத்தில் தனியே மாட்டிவிடுகிறாள். போன இடத்தில் தோமோயாவின் பாட்டி அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள்: அவரும் இளவயதில் மனைவியைப் பறிகொடுத்தவர், ஆனால் பிள்ளையைத் தனியாளாக வளர்த்து அதிலேயே உடைந்துபோனவர். தோமோயா காலமெல்லாம் வெறுத்த அப்பா அவர். அவர் செய்ததைக்கூடத் தான் செய்யவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. பக்கத்திலேயே குழந்தை, பூச்செடிகளுக்கு நடுவே தொலைந்த பொம்மை ரோபோவை விடாமல் தேடுகிறாள். வேறு வாங்கித்தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை. அப்பா முதன்முதலில் வாங்கிக்கொடுத்தது அதுதான். அழுவதற்கு இரண்டே இடங்கள்தான் உண்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: ஒன்று கழிப்பறை, இன்னொன்று அப்பாவின் மடி.

இங்கே யாரும் சாகவில்லை. சாவு நடந்து ஐந்து வருடமாகிவிட்டது. வலிப்பது இழப்பல்ல, அந்த இழப்பை வைத்துக்கொண்டு அவன் செய்த காரியம். பெற்றவன் மகளிடம் கடன்பட்டிருக்கிறான். அந்தக் கடன் தீராதது.

இதன் பிறகு தொடர் என்ன செய்கிறது? உஷியோவுக்கும் தாயைப் போலவே பேர் சொல்லாத காய்ச்சல் வருகிறது. பனி கொட்டும் தெருவில் அப்பன் கையிலேயே உயிர் போகிறது. அடுத்த எபிசோடில் ஒரு அற்புதம். காலம் பின்னால் திரும்பி நகிசா பிழைத்துக்கொள்கிறாள், எல்லாரும் சேர்ந்து வாழ்கிறார்கள். இது மோசடி இல்லை, தொடர் முழுக்க வரும் ஒளிக்கோளங்கள் இதற்கு ஏற்பாடு செய்தே வந்தன என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். ஒப்புக்கொள்கிறேன், கதைக்கணக்கு சரியாகவே இருக்கிறது. என் கேள்வி வேறு. திரும்பிக் கிடைத்த அந்த வாழ்க்கையில் தோமோயா மகளைக் கைவிட்டதே இல்லை. ஐந்து வருடமும் இல்லை, பூந்தோட்டமும் இல்லை, ரயிலில் அவன் உடைந்து அழுததும் இல்லை. தொடரின் மிகச் சிறந்த சோகத்துக்கு உரிமையாளனே இல்லாமல் செய்துவிட்டு, அதற்கு ஈடாக நமக்கு இன்னொரு முறை அழுதுகொள்ள அனுமதி தருகிறார்கள். 18ஆம் எபிசோடுக்கு அழுத கண்ணீரும் 22ஆம் எபிசோடுக்கு அழுத கண்ணீரும் பட்டியலில் ஒரே கணக்கில் வரவாகின்றன.

'யுவர் லை இன் ஏப்ரல்' (2014–15) செய்வது இதைவிட மோசம். கோசெய் என்ற பியானோச் சிறுவன். நோயாளித் தாய் அவனை அடித்து அடித்தே பயிற்சி கொடுக்கிறாள். ஒருநாள் கோபத்தில், நீ செத்துப்போ என்று அவளிடம் சொல்லிவிடுகிறான். அவள் செத்துப்போகிறாள். அன்றிலிருந்து தான் வாசிக்கும் பியானோவின் ஒலி மட்டும் அவன் காதில் விழுவதில்லை. அடித்தவளை நேசிப்பது, நேசித்தவளைச் சபித்தது, சபித்தது பலித்தது: இப்படியொரு முடிச்சு எத்தனை எழுத்தாளர்களுக்கு வாய்க்கும்? தொடர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கவோரி என்ற பிரகாசமான பெண்ணை அழைத்துவந்து, அவளுக்கு ஒரு நோயைக் கொடுத்து, கடைசியில் செத்தவள் குரலிலேயே ஒரு கடிதத்தை வாசிக்கவைக்கிறது. கடிதம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. விளக்கம் கிடைத்தவுடன் கண் கலங்குகிறது. அந்தச் சிறுவனின் பழைய முடிச்சு என்ன ஆயிற்று என்று கேட்க அப்போது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

சோகம் என்றால் சாவு, சாவென்றால் அழுகை என்ற இந்தக் குறுக்குக் கணக்கு நமக்கு நியாயமாக அந்நியமாக இருந்திருக்க வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கே நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டுச் சிறுத்துப்போவது, உறவையும் பொருளையும் இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. இழவு நான்கில் ஒன்றுதான். அதோடு, தன் துயருக்குத் தானே வருந்துவதும் பிறர் துயர் கண்டு வருந்துவதும் வேறுவேறு என்று உரைகாரர் பேராசிரியர் பிரித்துக் காட்டுகிறார். இவ்வளவு நுட்பமான கருவி வீட்டிலேயே கிடக்க, நாம் 'டாப் டென்' பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஜப்பானியக் கதைகளைத் தமிழ் இலக்கணத்தால் அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அளந்து பாருங்கள், பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 'மின்மினிகளின் கல்லறை'க்கு அது தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்று நம் ரசிகர்கள் அறிந்த அந்தப் படம் 1988 ஏப்ரலில் 'டோட்டோரோ'வோடு ஜோடியாக ஒரே காட்சியில் திரையிடப்பட்டது. இயக்கியவர் இசாவோ டகஹாட்டா. படத்தைப் பற்றிய பொது அபிப்பிராயம் இரண்டே வாக்கியம்: உலகத்திலேயே மிக அதிகமாக அழவைக்கும் அனிமே, போரால் பலியான இரண்டு குழந்தைகளின் பரிதாபக் கதை. அதனால் இது போர் எதிர்ப்புப் படம் என்பது கூடவே ஒட்டிவரும் தீர்ப்பு. டகஹாட்டா அந்த முத்திரையைத் திரும்பத் திரும்ப மறுத்தார். அவர் ஒன்பது வயதில் ஒகயாமா நகரின் குண்டுவீச்சில் உயிர்தப்பி ஓடியவர். போரைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர் மறுத்தார் என்றால் படத்தில் வேறெதையோ வைத்திருக்கிறார் என்று பொருள்.

முதல் நிமிடங்களைப் பாருங்கள். கோபே நகரின் சன்னோமியா ரயில் நிலையத்தில் பதினான்கு வயது செய்தா தூணோரம் சாய்ந்து செத்துக்கொண்டிருக்கிறான். கடந்துபோகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளி அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவைத் தூக்கிப் புல்வெளியில் எறிகிறார். அதிலிருந்து தங்கை செட்சுகோவின் எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. பிழைப்பார்களா என்ற கேள்விக்குப் படம் தொடக்கத்திலேயே பதில் சொல்லிவிட்டது. அழவைக்கும் தொடர்களின் முதல் மூலதனம் நம்பிக்கை. அதை டகஹாட்டா வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார். மிச்சப் படம் முழுவதையும் நாம் மட்டும் பார்ப்பதில்லை. செந்நிற வெளிச்சத்தில் நிற்கும் செய்தாவின் ஆவியும் பார்க்கிறது.

அந்த ஆவிதான் படத்தின் திறவுகோல். அரிசிக்காக அம்மாவின் கிமோனோவை உறவுக்காரப் பெண் எடுத்துக்கொண்டு போகும்போது, வேண்டாம் என்று செட்சுகோ அலறுகிறாள். செத்துப்போன செய்தா அந்த அலறலைக் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்கிறான். பரிதாபத்துக்குரியவன் ஏன் காதைப் பொத்த வேண்டும்? ஏனென்றால் அவன் தன்னைப் பரிதாபத்துக்குரியவனாகப் பார்க்கவில்லை. கடற்படை அதிகாரியின் மகன். வீட்டில் அம்மா சேர்த்துவைத்த 7,000 யென் வங்கியில் இருக்கிறது. உறவுக்காரப் பெண் சொல்லிக் காட்டிய சோற்றைத் தின்னப் பிடிக்காமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு குளக்கரைப் பதுங்குகுழிக்குக் குடிபோகிறான். போய் மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டிலேயே இரு என்று ஒரு விவசாயி புத்தி சொல்கிறார். அவன் போகவில்லை. திருடி அடிவாங்குகிறான். கடைசியில் வங்கிக்குப் போகும்போதுதான் ஜப்பான் சரணடைந்துவிட்டது, அப்பாவின் கப்பற்படையே இல்லை என்று காதில் விழுகிறது. உணவோடு திரும்பிவரும்போது செட்சுகோ கோலிக்குண்டைச் சப்பிக்கொண்டு கிடக்கிறாள். நிலை சரிந்தது அசைவு, திட்டும் அடியும் இளிவு, பசி வறுமை. இழவு கடைசியில்தான் வருகிறது, அதுவும் மற்ற மூன்றின் விளைவாக.

மூலக்கதையை எழுதிய அகியுகி நோசக்கா அந்த வீம்பின் விலையை நேரில் அறிந்தவர். 1945இல் அவருடைய வளர்ப்புத் தங்கை பசியால் இறந்தாள். செய்தா தங்கையிடம் நடந்துகொண்ட அளவு கனிவாகத் தான் நடந்துகொள்ளவில்லை என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 1967இல் எழுதிய கதை அவருக்கு நவோக்கி விருதைத் தந்தது. அந்தக் குற்ற உணர்வுக்குக் கொடுத்த வடிகால் அது. தங்கைக்குச் செலுத்தப்பட்ட மன்னிப்புக் கோரல் என்றும் சொல்லலாம். மன்னிப்புக் கேட்பவனைப் பார்த்து 'அய்யோ பாவம்' என்று அழுதால் அவன் சொன்னது நம் காதில் விழவில்லை என்றுதான் அர்த்தம்.

அழுது முடித்தவர்கள் பலர் சில வருடம் கழித்து எதிர்ப்பக்கம் தாவுவதையும் பார்க்கிறோம். அந்த உறவுக்காரப் பெண்மணி சொன்னது சரிதானே, பையன் வேலைக்குப் போயிருக்கலாமே, தங்கையைக் கொன்றதே அவனுடைய திமிர்தான் என்கிறார்கள். ஜப்பானிலும் இந்த வாதம் இப்போது பலம்பெற்றிருக்கிறது. 1988லேயே டகஹாட்டா இதற்கு அஞ்சினார். காலம் மாறினால் அந்தப் பெண்மணியைவிடக் கடுமையாக நாமே செய்தாவைக் குற்றம் சொல்ல மாட்டோமா என்ற பயத்தை ஒரு பேட்டியில் வெளிப்படுத்தினார். முதல் கண்ணீரும் பிந்திய கண்டனமும் ஒரே குடும்பத்தவை. இரண்டுமே படத்தோடு நமக்கு உள்ள கணக்கை அவசரமாகத் தீர்த்துவிடப் பார்க்கின்றன. படம் தீர்க்கவிடுவதில்லை. முடிவில் தேவதூதர்கள் வருவதில்லை. அண்ணனும் தங்கையும் ஆவிகளாக மலைமேல் பெஞ்சில் உட்கார்ந்து, விளக்குகள் மின்னும் நவீன கோபேயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். போன இடத்திலும் அவர்களுக்கு விடுதலை இல்லை.

டகஹாட்டா தன் 78ஆம் வயதில், 2013இல், கடைசிப் படமாக 'இளவரசி ககுயாவின் கதை'யைத் தந்தார். அதன் உச்சக்காட்சி, அழுகையை அளவுகோலாக்கியவர்களுக்கான நேரடிப் பதில். நிலவிலிருந்து ககுயாவை அழைத்துப்போக மேகத்தின்மேல் ஊர்வலம் வருகிறது. ஜோ ஹிசைஷியின் இசை அங்கே என்ன செய்ய வேண்டும்? வயலின்கள் ஏங்க வேண்டும், பியானோ ஒற்றைச் சுரமாகச் சொட்ட வேண்டும். அதற்குப் பதிலாகத் துள்ளலான, கவலையே அறியாத திருவிழா இசை வருகிறது. வருபவர்களுக்கு மனிதத் துயரம் என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் இசைக்கும் தெரியவில்லை. இந்த உலகத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் மறதியின் ஆடை தோளில் விழுகிறது. முகம் வெறுமையாகிறது. பிறகு ஒருமுறை பூமியைத் திரும்பிப் பார்க்கிறாள், கண்ணில் நீர் நிற்கிறது. எதற்கென்று அவளுக்குத் தெரியுமா என்பதைப் படம் சொல்வதில்லை. இதில் சாவு கிடையாது, விடைபெறும் கடிதம் கிடையாது. துயரப்படும் உரிமையையே ஒருத்தியிடமிருந்து பறிப்பது மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொன்றும் இருக்கிறது: மூங்கிலில் கிடைத்த பொன்னை, மகளை அரண்மனைப் பெண்ணாக்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்ட அப்பா. அவள் நன்மைக்கு என்று நம்பியே அவளை அணுஅணுவாகக் கொன்றவர். அவரை வில்லன் என்று தள்ளவும் முடியவில்லை. நம்மூர்ப் பெற்றோர் பார்க்க வேண்டிய படம்.

இனி எதிர்வாதங்கள். "உடம்பு பொய் சொல்லாது" என்பார்கள். சொல்லாதுதான், ஆனால் எதற்குப் பதில் சொல்கிறது என்பதையும் சொல்லாது. 'அனோஹனா' (2011) பதினொரு எபிசோடுகளும் ஒரே பாட்டை முடிவில் ஒலிக்கவிட்டு நம்மைப் பழக்குகிறது. இறுதிக் காட்சியில் ஐந்து பேர் இறந்த தோழி மென்மாவின் ஆவியை நோக்கிக் கத்தி அழும்போது அந்தப் பாட்டே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதே தொடரில் மென்மாவின் அம்மா ஒரு சில நிமிடம் வருகிறாள். மகளின் பழைய தோழர்கள் வளர்ந்து நிற்பதைப் பார்த்ததும், என் பெண் மட்டும் ஏன் என்று வெடிக்கிறாள். உயிரோடிருப்பதற்காகவே பிள்ளைகளை வெறுக்கும் தாய். தொடரிலேயே மிக உண்மையான துக்கம் அது, கேவலமானதும்கூட. பின்னணிப் பாட்டு இல்லை, பார்ப்பவர்கள் அழுவதுமில்லை, கதையும் அவளை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

"இது மேட்டிமைப் பேச்சு, அழுவது கேவலமா?" என்று இன்னொரு கேள்வி. அப்படி யார் சொன்னது? உஷியோவின் பொம்மைக்கு அழாதவரோடு எனக்கும் பேச்சில்லை. என் சண்டை கண்ணீரோடு அல்ல, அதை மதிப்பெண்ணாக்குவதோடு. இந்த மதிப்பெண்ணை ஒரு அனிமேவே பகடி செய்திருக்கிறது. 'ஃப்ரீரென்' (2023) தொடரின் முதல் எபிசோடில் நாயகன் ஹிம்மெலின் சவ ஊர்வலம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் ஃப்ரீரென் கண் கலங்காமல் நிற்கிறாள். எவ்வளவு கல்நெஞ்சம், அழக்கூட இல்லையே என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. பிறகு அவள் அழுகிறாள், ஆனால் அவனைப் பறிகொடுத்ததற்காக அல்ல. பத்து வருடம் சேர்ந்து அலைந்தும் அவனைத் தெரிந்துகொள்ள முயலவில்லையே என்பதற்காக. வேறு தொடராக இருந்தால் அது கடைசிக் காட்சி. இங்கே கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் தாமதமான துக்கம் தொடர் முழுக்கச் சின்னச் சின்னதாக வந்து போகிறது: ஒரு சிலை, ஒரு பூ, உபயோகமற்ற ஒரு மந்திரம்.

போர்க்காலக் குரே நகரைக் காட்டும் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' (2016) படத்தில் திரையிலேயே வரும் ஒரு அழுகையும் கவனிக்கத்தக்கது. கனவில் மிதக்கும் சாதுவான சுசு, தன் வலது கையையும் கையைப் பிடித்திருந்த சிறுமியையும் குண்டில் இழந்தபோதுகூட அப்படிக் கதறியதில்லை. சரணாகதி அறிவிப்பை வானொலியில் கேட்டதும் வெளியே ஓடிப்போய்த் தரையில் விழுந்து கதறுகிறாள். அது துக்கமல்ல, ஆத்திரம். அதைப் பார்க்கும் நமக்குக் கண்ணீர் வருவதில்லை. வரக் கூடாது என்றே அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாட்சி டகஹாட்டாவின் 'ஒன்லி யெஸ்டர்டே' (1991). டோக்கியோவில் வேலை பார்க்கும் 27 வயது டயெகோ, விடுமுறைக்கு யமகதா கிராமத்துக்குப் போகிறாள். ஐந்தாம் வகுப்பு நினைவுகள் கூடவே வருகின்றன. கடைசிப் பகுதியில், மழை இரவில், காருக்குள் ஒரு நினைவைச் சொல்கிறாள். வகுப்பில் அபெ என்ற அழுக்கான ஏழைப் பையன் இருந்தான். மற்றப் பிள்ளைகள் அவனை வெளிப்படையாக ஒதுக்கினார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பிள்ளையாக இருந்தாள். அவன் பள்ளி மாறிப்போகும் நாளில் எல்லாரோடும் கைகுலுக்கினான், அவளிடம் மட்டும் உன்னோடு குலுக்க மாட்டேன் என்றான். மனதுக்குள் அவனை மிக அருவருத்தவள் தான்தான், அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று பதினாறு வருடம் கழித்தும் அவளுக்குச் சுடுகிறது. அவன் உன்னை விரும்பியிருக்கலாம் என்று பக்கத்திலிருந்த கிராமத்து இளைஞன் தோஷியோ ஒரு சமாதானம் சொல்கிறான். சொன்னது உண்மையா, இரக்கமா என்று தெரிவதில்லை. யாரும் சாகவில்லை, நோய் இல்லை, கடிதம் இல்லை. பார்த்தவர் யாரும் கர்சீஃப் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் அபெ போல ஒருவன் படிக்காத வகுப்பு எதுவுமில்லை. நம் வகுப்பிலிருந்த அவனுடைய பெயரை நினைவுபடுத்திப் பார்க்கும்போது நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. அதை அழுது தீர்க்க முடியாது என்பதால்தான் இந்தப் படம் எந்த அழுகைப் பட்டியலிலும் இல்லை.